என்றும் எழுதியிருக்கிறதே

ஏசாயா 43:2 எனக்குப் பிடிக்காத வசனமாகப் பல ஆண்டுகள் இருந்தது. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கி, இன்றும் ஞாயிறு காலை ஆலயத்தில் உட்காருகிற ஒருத்தி இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்; நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை." பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் கீழ்வீட்டு அக்காவின் கூடத்துச் சுவரில் இந்த வசனம் தொங்கிக்கொண்டிருந்தது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாறு அந்தக் கூடத்துக்குள் வந்தது. வசனச் சட்டத்தையும் தாண்டி மின்விசிறி வரைக்கும் ஏறியது. நாங்கள் இருப்பது ஜாபர்கான்பேட்டை. அந்த இரவைப் பற்றிச் சென்னையில் இருப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. திறந்துவிட்ட செம்பரம்பாக்கம் ஏரி, தாம்பரத்தில் கொட்டிய 49 சென்டிமீட்டர் மழை, நூறு ரூபாய்க்கு விற்ற பால் பாக்கெட் எல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

அக்காவின் மாமியார் படுத்த படுக்கையாக இருந்தவர். நாற்காலியோடு தூக்கி மாடியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நனைந்த உடம்பில் ஏறிய குளிர் இறங்கவே இல்லை. தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை, தெருவில் படகு தவிர வேறு எதுவும் ஓடவில்லை. விமான நிலையமே 6ஆம் தேதி வரை மூடிக் கிடந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோவது? எங்கள் கூடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வண்டி கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரினார். வாரி முடித்ததும் அந்தச் சட்டத்தைக் கழுவித் துடைத்து அதே ஆணியில் மாட்டினார். கண்ணாடிக்குள் புகுந்த சேறு மட்டும் போகவில்லை.

சில வாரங்கள் கழித்து எங்கள் சபையில் சாட்சி சொல்லும் ஞாயிறு. எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஓர் அண்ணன் எழுந்து நின்றார். நல்ல மனிதர், வெள்ளத்தின்போது பத்துப் பதினைந்து குடும்பங்களுக்குச் சமைத்துப் போட்டவர். தண்ணீர் தன் வீட்டு வாசற்படி வரை வந்து, மேற்படியைத் தொடாமல் நின்றது என்றும், தான் அந்த இரவு முழுக்க ஏசாயா 43:2ஐச் சொல்லிச் சொல்லி ஜெபித்ததாகவும், வசனம் எழுத்தின்படியே நிறைவேறியது என்றும் சொன்னார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. எனக்கு முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். அவரும் ஸ்தோத்திரம் சொன்னாரா என்று என்னால் பார்க்க முடியவில்லை. பின்னந்தலை மட்டுமே தெரிந்தது.

அந்த அண்ணன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. படியோடு தண்ணீர் நின்றது; அவர் ஜெபித்தார்; நன்றி சொன்னார். ஆனாலும் அந்தச் சாட்சி எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. ஒரே வசனம், ஒரே ஆறு, ஒரே இரவு. அவர் வீட்டில் நிறைவேறிய வசனம் இவர் வீட்டில் என்ன ஆனது? ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தபோது கிடைத்த விளக்கங்கள் எனக்கு மனப்பாடம். விசுவாசம் குறைந்திருக்கலாம் என்றார் ஒருவர். மாமியாரைப் பல வருடங்கள் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அக்காவின் விசுவாசத்தை அளக்க அவரிடம் எந்தப் படி இருந்ததோ தெரியாது. தண்ணீர் என்பது ஆவிக்குரிய அர்த்தத்தில் சொல்லப்பட்டது என்றார் இன்னொருவர். அப்படியானால் அண்ணனின் வாசற்படியில் மட்டும் அது எப்படி உண்மைத் தண்ணீராக இருந்தது? எதிலும் ஒரு நன்மை இருக்கும் என்றார் மூன்றாமவர். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மாடிவீட்டுக்காரர்கள். நானும் மாடிவீட்டுக்காரிதான் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நல்ல வசனம் வந்ததா?

எங்கள் வளாகத்தின் பெயர் எபெனேசர் இல்லம். சென்னையில் கிறிஸ்தவர்கள் இருக்கும் தெருவில் நடந்தால் ஓர் எபெனேசர் கண்ணில் படாமல் போகாது: வீடு, தையற்கடை, ஆட்டோவின் முதுகு. "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்று சாமுவேல் கல் நாட்டிய இடம். இது 1 சாமுவேல் 7ஆம் அதிகாரம். இதே புத்தகத்தின் 4ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் அதே பெயர் முன்பே வந்துவிடுகிறது. இஸ்ரவேலர் எபெனேசர் அருகே பாளயமிறங்கித்தான் பெலிஸ்தரிடம் தோற்றார்கள். முதலில் நாலாயிரம் பேர் மடிந்தார்கள். தேவன் தங்களோடு இருப்பதற்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தால் ஜெயம் நிச்சயம் என்று நம்பிக் கொண்டுவந்த பிறகு முப்பதாயிரம் பேர் மடிந்தார்கள், பெட்டியும் போனது. அந்தப் பெட்டியை எபெனேசரிலிருந்து அஸ்தோத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று 5ஆம் அதிகாரம் தொடங்குகிறது. தோல்வியின் பெயரை, அதுவும் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு தோற்ற தோல்வியின் பெயரைத்தான் சாமுவேல் உதவியின் கல்லுக்கு வைக்கிறார். வீட்டுக்குப் பெயர் வைக்கும் நம்மில் எத்தனை பேருக்கு 4ஆம் அதிகாரம் தெரியும்? 7:12 மட்டும் போதுமென்று அதை வெட்டிச் சுவரில் பதித்துவிட்டோம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பன்னிரண்டு மணி அடித்ததும் கைகுலுக்கிவிட்டு வரிசையில் போய்த் தட்டிலிருந்து புது வருடத்துக்கு என்று ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தை நான் குறைசொல்ல வரவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் விரல் நடுங்கும். வெளியே வந்ததும் ஒருவரையொருவர் "நல்ல வசனம் வந்ததா?" என்று கேட்டுக்கொள்வோம். கெட்ட வசனம் வந்து யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் அதை அச்சடிப்பதில்லை. தான் பிறந்த நாளைச் சபிக்கிற யோபுவின் 3ஆம் அதிகாரத்திலிருந்து ஓர் அட்டை வந்து யாரும் வீட்டில் ஒட்டியதில்லை. இப்போது வருடத்துக்கு ஒருமுறை என்பதும் போய், விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு இன்றைய வாக்குத்தத்தம் வந்து விழுகிறது. வேதப்புத்தகத்தைப் பொங்கலில் முந்திரி பொறுக்குவதுபோல் பொறுக்கித் தின்று வளர்ந்தவர்கள் நாம். மிளகு கடிபடும்போது யாரோ நம்மை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றுகிறது.

என் அம்மாவும் அட்டை எடுப்பவர்தான். ஆனால் அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. அட்டையில் வந்த வசனம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஜனவரி மாதத்தில் வாசித்துவிட வேண்டும். ஒரு வருடம் லேவியராகமம் 26:6 வந்தது, தேசத்தில் சமாதானம் கட்டளையிடுவேன் என்கிற வசனம். அதற்காக அவர் குஷ்டரோகச் சட்டங்களையும் பலிகளின் கொழுப்பையும் கடந்து போக வேண்டியிருந்தது. குடும்ப ஜெபத்தில் சத்தமாக வாசிப்பார்; நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்போம். சுவரில் பச்சையும் சிவப்புமாகப் பூத்தால் ஆசாரியனைக் கூப்பிட்டுக் காட்டு, அந்தக் கல்லைப் பெயர்த்தெடு, வேறு கல் வை, வேறு சாந்து பூசு என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு பூசணம் பிடித்த கீழ்வீட்டுச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அது அப்படியே நினைவுக்கு வந்து நானும் அக்காவும் வாய்விட்டுச் சிரித்தோம். அந்த மாதங்களில் நாங்கள் சிரித்தது அபூர்வம். லேவியராகமத்தால் ஆறுதல் கிடைக்கும் என்று அம்மா உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

எண்பத்தெட்டாம் சங்கீதம்

பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வீட்டு ஜெபம் எங்கள் பகுதியில் முறைவைத்து ஒவ்வொரு வீடாக நடக்கும். வெள்ளத்துக்குப் பின் அக்கா வீட்டு முறை வந்தபோது அடுத்த கோடை தொடங்கியிருந்தது. சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள், ஆனாலும் தண்ணீர் நின்ற மட்டம் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து மங்கலாகத் தெரிந்தது. எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுக்காரர் ஒரு சங்கீதம் வாசிப்பது வழக்கம். 23, 91, 121, 103 ஆகியவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பாட்டு முடிந்தது, ஆரம்ப ஜெபம் முடிந்தது. அக்கா எழுந்து, சங்கீதம் 88 என்றார். பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் இருந்தவர் என்னிடம், "அது எது?" என்று முணுமுணுப்பாகக் கேட்டார்.

"என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று அது தொடங்குகிறது. ஆறுதலான வார்த்தை அந்தச் சங்கீதத்தில் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு இறக்கம்தான். பாதாளம், குழி, இருள். "உம்முடைய அலைகள் எல்லாவற்றினாலும் என்னை வருத்தப்படுத்துகிறீர்" என்று வந்தபோது கூட்டத்தில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா வேகமாக வாசிக்கவில்லை, அழவும் இல்லை, ரேஷன் கடையில் குடும்ப அட்டை விவரம் வாசித்துக் காட்டுகிற குரலில் வாசித்தார். "ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர்?" என்பதையும் அதே குரலில்தான். தண்ணீரைப்போல் என்னைச் சூழ்ந்து வளைந்துகொள்கிறது என்று வந்தது. கடைசியாக, "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்; எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்." நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வாசித்து முடித்ததும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். யாருக்கும் வாய் வரவில்லை. எதற்கு ஸ்தோத்திரம் சொல்வது? புலம்பல் சங்கீதங்கள் பலவும் கடைசியிலாவது திரும்பிவிடும். அழுது முடித்து, ஆனாலும் உம்மை நம்புகிறேன் என்றோ, இன்னமும் அவரைத் துதிப்பேன் என்றோ ஒரு வரி இருக்கும். நாங்கள் எல்லாரும் அந்த வரிக்காகக் காத்திருந்தோம் என்று நினைக்கிறேன். கூட்டத்தை நடத்துகிற அம்மா, "முடிவில் ஏதாவது விட்டுப்போயிற்றா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா புத்தகத்தை மறுபடி திறந்து பார்த்தார். "இல்லை அம்மா. அடுத்தது 89. இதில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது" என்றார்.

அதற்குப் பிறகு செய்தி கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை. மூலையில் இருந்த ஒரு பாட்டி, எதற்கும் வாய் திறக்காதவர், தன் தம்பி பேரன் 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை கடற்கரைக்குப் போனதைச் சொல்லத் தொடங்கினார். அது ஞாயிற்றுக்கிழமை. இவர்கள் ஆலயத்தில் இருந்தார்கள். பையன் மெரினாவில் இருந்தான். பன்னிரண்டு வருடமாக ஒரே சபையில் இருக்கிறோம், எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. சாட்சி நேரத்தில் சொல்லும்படியான கதை இல்லையே அது. அவருக்குப் பிறகு இன்னொருவர், கருவிலேயே போன குழந்தையைப் பற்றி. ஒவ்வொருவரும் பேசி முடிக்க இரவாகிவிட்டது. யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. வடையும் டீயும் ஆறிப்போயிருந்தன. போகும்போது, நான் பார்த்தவரையில், எல்லாரும் நிஜமாகவே ஜெபித்துவிட்டுப் போனவர்களைப்போல் இருந்தார்கள்.

டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருக்கையில், ஏன் அக்கா அந்தச் சங்கீதம் என்று கேட்டேன். அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "91 வாசிக்கும்போதெல்லாம் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்ப்பேன். 'உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது.' சரி. பக்கத்தில் விழுந்த அந்த ஆயிரம் பேரில் ஒருத்தி நான். விழுந்தவர்களுக்கும் ஒரு சங்கீதம் இருக்குமல்லவா என்று தேடினேன். இருந்தது."

பிசாசுக்குத் தெரிந்த சங்கீதம்

அன்றிரவு 91ஐ எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது பொய்யான சங்கீதம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அம்மா ஒவ்வொரு இரவும் சொல்லிவிட்டுத் தூங்கிய சங்கீதம். ஆனால் சுவிசேஷத்தில் அதை மேற்கோள் காட்டுவது யார் என்று யோசித்தால் கொஞ்சம் திடுக்கென்றிருக்கிறது. பிசாசு இயேசுவை தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். அது 91ஆம் சங்கீதத்தின் 11, 12 வசனங்கள். பிசாசு ஏறக்குறைய சரியாகத்தான் ஒப்புவிக்கிறான். ஓய்வுநாள் பள்ளியில் பரிசே கிடைத்திருக்கும். இயேசு அந்த வசனம் தவறு என்றோ, அதற்கு ஆவிக்குரிய அர்த்தம் வேறு என்றோ சொல்லவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே" என்கிறார், அவ்வளவே. ஒரு வசனத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வசனத்தைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். முதலாவதைத் துரத்தவில்லை, தனியாக விடவுமில்லை.

வேதத்தைத் தியானிப்பது என்றால் இதுதான் என்று அதற்குப் பிறகு எனக்குத் தோன்றத் தொடங்கியது. ஒரு வசனத்தை எடுத்துக் கண்ணை மூடி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதையும் தியானம் என்கிறோம். அதனால் மனம் அடங்கும், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளம் வரும் ஊரில் இருப்பவர்களுக்கு அது போதாது. "அவைகள் உன்மேல் புரளுவதில்லை" என்கிற ஏசாயாவுக்குப் பக்கத்தில் 42ஆம் சங்கீதத்தை வைத்துப் பாருங்கள்: "உமது மதகுகளின் இரைச்சலால் ஆழத்தை ஆழம் கூப்பிடுகிறது, உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டுபோகிறது." செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்ட இரவை நேரில் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. புரளாது என்று ஒருவர் சொல்கிறார். புரண்டது என்று இன்னொருவர் அதே தேவனிடம் சொல்கிறார். வேதம் இரண்டையும் வைத்திருக்கிறது. இவர்களில் ஒருவரைப் பேசவிடாமல் செய்தால்தான் விசுவாசம் நிலைக்கும் என்றால், அப்படி நிலைக்கிற விசுவாசம் எனக்கு வேண்டாம்.

பிறகு ஏசாயாவுக்கே போனேன். 43ஆம் அதிகாரத்தை அதிகாரத் தொடக்கத்திலிருந்தே வாசித்துப் பழகிவிட்டோம். அதிகாரங்களாகப் பிரித்ததோ பிற்காலத்து வேலை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காண்டர்பரி பேராயராக இருந்த ஸ்டீபன் லாங்டன் செய்த பிரிவு என்பார்கள். அந்தக் கோட்டைத் தாண்டி ஒரே ஒரு வசனம் மேலே போனால் 42:25. தம் ஜனத்தைச் சூழ அக்கினிஜுவாலை கொளுத்தியதாகவும், அது அவர்களைத் தகித்ததாகவும் அங்கே சொல்கிறது. எருசலேம் எரிந்து, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கான வார்த்தைகள் இவை. அடுத்த மூச்சில்தான் "பயப்படாதே, உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன்" என்று வந்து, அதற்கு அடுத்தது நம் சுவரில் தொங்குகிற வசனம். அதன் பின்பாதியில், அக்கினி உன்னைப் பற்றாது என்கிறது. ஆக, ஏற்கெனவே வெந்தவர்களிடம் வேகாதிருப்பாய் என்று சொல்லப்படுகிறது. நெருப்பே காணாதவர்களுக்குக் கொடுத்த காப்பீட்டுப் பத்திரம் அல்ல அது. வீடும் ஊரும் போய், இனி ஒன்றும் மிச்சமில்லை என்று உட்கார்ந்திருக்கும் ஜனத்திடம், இன்னும் நீ என்னுடையவன் என்று சொல்லும் பேச்சு. பக்கத்துத் தெரு அண்ணனைவிட அக்காவுக்குத்தான் அந்த வசனம் முதலில் எழுதப்பட்டது என்று நான் சொன்னால் சபையில் சண்டை வரும். ஆனாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதே பாபிலோனில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளையின் வாசலில் நின்ற மூன்று பேரும் இதைத்தான் பேசினார்கள். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. "விடுவிக்காமற்போனாலும்" என்று அடுத்த வார்த்தையைச் சேர்த்தார்கள். தானியேல் 3:17க்கு எத்தனை அட்டைகள் பார்த்திருக்கிறேன். 3:18க்கு ஓர் அட்டையும் வந்ததில்லை.

இதெல்லாம் கேள்விக்கு விடையாகிவிடுமா என்றால், ஆகாது. ஏன் அந்தப் படியில் நின்றது, ஏன் இந்தக் கூடத்தில் ஏறியது என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் அதே கேள்வி வேறு வீடுகளுக்குள் புகுந்தது. ஏரியை மூடி வீடு கட்டியவர்கள் யார், கால்வாயை அடைத்தவர்கள் யார் என்று கேட்கவேண்டிய இடத்தில் தேவசித்தம் என்று சொல்லிக் கைகழுவுவதும் எனக்கு ஒப்பவில்லை. அது தனியாக எழுதவேண்டிய விஷயம். இயேசுவின் சீஷர் தோமாவைத் தன் அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொள்ளும் ஊர் இது. அவர் பெயரோடு சேர்ந்த சின்னமலையும் அடையாற்றங்கரையில்தான் இருக்கிறது. சந்தேகப்பட்டவர் என்று அவருக்குப் பட்டம் கொடுத்துவிட்டோம். பெத்தானியாவுக்குப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றச் சீஷர்கள் தயங்கியபோது "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்றவரும் அவரே. கேள்வி கேட்பவர்கள் கூடவே வருவார்கள்.

பதினேழாம் நாள் காலை

அக்கா 88ஐக் கண்டுபிடித்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். மாமியாரை நாற்காலியோடு தூக்கியபோது தலையணைக்கு அடியிலிருந்த பழைய ஜெபப் புத்தகமும் அவர் மடியில் ஏறி வந்துவிட்டது. கீழ்வீட்டிலிருந்து நனையாமல் வந்த புத்தகம் அது ஒன்றுதான். அதில் 150 சங்கீதங்களையும் மாதத்தின் முப்பது நாட்களுக்கு, காலை மாலை என்று பிரித்திருக்கும். ஆங்கிலிக்கன் திருச்சபையிலிருந்து வந்த பழைய முறை. 31 நாள் உள்ள மாதத்தில் கடைசி நாளன்று முப்பதாம் நாளின் சங்கீதங்களையே மறுபடி வாசிக்க வேண்டும். இந்த அட்டவணையின் அருமை, இதில் நமக்குத் தேர்வு இல்லை என்பதுதான். மனம் குளிர்ந்திருக்கும் நாளில் சாபச் சங்கீதம் வரும். எரிந்துகொண்டிருக்கும் நாளில் அல்லேலூயா வரும். 88 பதினேழாம் நாள் காலைக்கு உரியது. 91 அதற்கு மறுநாள் காலை. ஒன்றைக் கடக்காமல் மற்றதற்குப் போக முடியாது. நான்காம் நாள் மாலை இன்னும் நன்றாக இருக்கிறது: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற 22ம், "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற 23ம் ஒரே மாலையில். சிலுவையில் தொங்கியவர் வாயில் வந்தது 22. நாம் குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொடுப்பது 23.

நானும் இப்போது அந்த அட்டவணையில்தான் வாசிக்கிறேன். விட்டுப்போகும் நாட்கள் உண்டு. விட்டதைப் பிடிக்க ஓடுவதில்லை, அன்றைய தேதியில் ஏறிக்கொள்வேன். சும்மா ஒருநாள், வெள்ளம் வந்த டிசம்பர் 1 மாலைக்கு எது என்று எடுத்துப் பார்த்தேன். 6, 7, 8. இராமுழுவதும் கண்ணீரால் கட்டிலை நனைக்கிறேன் என்பது அந்த ஆறாம் சங்கீதம். தற்செயல்தான், இதை வைத்துக்கொண்டு நான் எழுந்து சாட்சி சொல்லப்போவதில்லை.

அட்டை எடுப்பதையும் விடவில்லை. அம்மாவின் பிடிவாதத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். இந்த வருடம் எனக்கு வந்தது புலம்பல் 3:22, "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே." ஐந்தே அதிகாரம், ஜனவரி முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. எருசலேம் தெருக்களில் பசியால் விழுகிற பிள்ளைகளைக் கடந்துதான் அந்த வசனத்துக்குப் போகவேண்டும். அதைக் கடந்த பிறகும் புத்தகம் கிருபையில் முடியவில்லை. எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ என்கிற கேள்வியில், 5:22இல், முடிகிறது. யூதர்கள் இந்தப் புத்தகத்தை ஜெபாலயத்தில் சத்தமாக வாசிக்கும்போது, ஐந்தாம் அதிகாரத்தின் இந்த 22ஆம் வசனத்தோடு நிறுத்த மனமில்லாமல், அதற்கு முந்தின 21ஐத் திரும்ப ஒருமுறை வாசித்து முடிப்பார்கள்: "கர்த்தாவே, எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும், அப்பொழுது திரும்புவோம்."

இதை அக்காவிடம் மாடிப்படியில் நின்று சொன்னேன். கையில் கீரைக்கட்டோடு கேட்டுக்கொண்டிருந்தவர், "22ஐ விட்டுவிட்டு 21ஐ வாசிக்கிறார்களா?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. 22ஐ வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு 21ஐ."

"அப்படியென்றால் சரி" என்றார். அடுத்த வாரம் வீட்டு ஜெபம் எங்கள் வீட்டில். அதையே வாசிக்கச் சொல்லியிருக்கிறார், ஐந்தாம் அதிகாரம் முழுவதையும்.